திலகவதியம்மாள் வாங்கிய மீன் அடுப்பு

கனிமொழி பிறந்து வளர்ந்தது கடலூருக்குப் பக்கத்தில் தாழங்குடாவில். அப்பா சின்னையனுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு உண்டு. அம்மா முத்தம்மாள் ஒரு காலத்தில் மஞ்சக்குப்பம் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்றவள், இப்போது மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்கிறாள். மீன் இல்லாத நாள் என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது. புயல் அறிவித்துப் படகெல்லாம் கரையேறிக் கிடக்கும் நாளிலும் பானையில் கருவாடு இருக்கும். பள்ளிக்கூடத்தில் கனிமொழி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மூன்று பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் கூச்சப்பட்டதில்லை. "வேணுமாடி?" என்று டப்பாவை நீட்டுவாள்.

அப்படிப்பட்டவள் மருமகளாகப் போய்ச் சேர்ந்தது சிதம்பரம் அம்மாபேட்டையில், மூன்று தலைமுறையாக முட்டைகூடத் தொடாத ஒரு வீட்டில்.

அவள் பார்மசி டிப்ளமோ முடித்துவிட்டுச் சிதம்பரத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பக்கத்துக் கடை மூக்குக்கண்ணாடிக் கடை. அங்கே வேலை பார்த்த சிலம்பரசன் வாரத்துக்கு இரண்டு தடவை தலைவலி மாத்திரை வாங்க வருவான். நாலாவது தடவை அவள் கேட்டுவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் கண்ணு டெஸ்ட் பண்றீங்களே, என்னைக்கினா ஒங்க கண்ண டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

அவன் போய்ப் பார்த்தான். இடது கண்ணில் பவர் இருந்தது. கண்ணாடி போட்டதும் தலைவலி போய்விட்டது. ஆனால் மெடிக்கல் ஷாப்புக்கு வருவது மட்டும் நிற்கவில்லை.

கல்யாணப் பேச்சில் இரண்டு பக்கமும் கொஞ்சம் முகம் தூக்கினார்கள், பிறகு இறங்கி வந்தார்கள். சிலம்பரசனின் அம்மா திலகவதி ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள். திலகவதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து, அங்கேயே கிளார்க்காக ஓய்வு பெற்றவள். எதையும் ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொள்வது வேலையில் வந்த பழக்கம். வீட்டுக்காரர் இறந்த பிறகு வடலூர் வழியில் அவளுக்குப் பிடிப்பு அதிகமாகிவிட்டது. மாசப் பூசம் தவறாமல் போய் அங்கே சாப்பாட்டுக்குக் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு வருவாள். அவள் சொன்னது இதுதான்:

"பொண்ணு வெளியில என்னா வேணா சாப்புடட்டும், நான் கேக்க மாட்டேன். வீட்டுக்குள்ள மட்டும் வேணாம். செரியா? வீட்டுக்குள்ள வேணாம்."

"செரிங்க அத்த," என்றாள் கனிமொழி. அவளுக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. பஸ் பிடித்தால் கடலூர்.

இரண்டு வருஷம் அப்படித்தான் ஓடியது. ஆறு நாள் சாம்பார், வத்தக்குழம்பு, கூட்டு. ஏழாம் நாள் அம்மா கையால் மீன். திலகவதியின் சமையல் ருசியானது, அதில் கனிமொழிக்குக் குறையே இல்லை. ஆனாலும் புதன், வியாழன் ஆகும்போது நாக்கு ஒரு மாதிரி ஏங்க ஆரம்பித்துவிடும்.

போன மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் சின்னையன் போன் செய்தார்.

"கனி, இன்னைக்கி ரெண்டு கொடுவா மாட்டுச்சு. சூப்பரா இருக்குது. ஒண்ண ஒனக்குன்னு ஐஸ் போட்டு பஸ்ல ஏத்திட்டேன். கண்டக்டரு நமக்குத் தெரிஞ்ச ஆளுதான். போயி வாங்கிக்க."

"அப்பா! இங்க நான் எப்பிடிப்பா?"

"எப்பிடின்னா? கொழம்பு வையி. தலைய மட்டும் தனியா வையி."

மகள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்பதையே மனிதர் சந்தோஷத்தில் மறந்துவிட்டிருந்தார். ஞாபகம் வந்ததும் மறுமுனையில், "அடடா," என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

கனிமொழி பஸ் ஸ்டாண்டில் தெர்மோகோல் பெட்டியை வாங்கிக்கொண்டாள். வழியெல்லாம் யோசித்தாள். தூக்கிப் போட மனசு வரவில்லை. அப்பா அவ்வளவு ஆசையாக அனுப்பியது. வீட்டு வாசல் வழியாகப் போகாமல் பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கத் தோட்டத்துக்குப் போய், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கினாள்.

தோட்டம் என்று சொன்னாலும் அது ஒரு பெரிய அறை அளவுதான். ஒரு கறிவேப்பிலை, ஒரு செம்பருத்தி, சுவர் ஓரமாக வரிசையாக நந்தியாவட்டை. குழாய், துவைக்கிற கல், துணிக்கொடி. அவ்வளவுதான். திலகவதி அங்கே சாயங்காலப் பூஜைக்குப் பூப் பறித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பொட்டி?"

"மீனு, அத்த."

"மீனா?"

"மீனுதான், அத்த. அப்பா தெரியாம அனுப்பிட்டாரு."

பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. திலகவதி அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "செரி, இங்கியே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் பூக்கூடையோடு உள்ளே போனாள்.

கடைசியில் பக்கத்து வீட்டுக் கொளஞ்சிதான் கைகொடுத்தாள். அவளே மீனை வாங்கிக் கழுவிக் குழம்பு வைத்து, மதில் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "கனி, வா, சூடா சாப்புடு," என்று கூப்பிட்டாள். கொளஞ்சி வீட்டுப் பின்படியில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு கனிமொழி சாப்பிட்டாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் அடுத்தவர் வீட்டில் கை நீட்டிச் சாப்பிடுகிற கூச்சத்தில், எதையும் ருசித்துச் சாப்பிடாமல் அவசரமாக முடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மதிலுக்கு இந்தப் பக்கம் துணி எடுக்க வந்த திலகவதி அதைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் காலையில் காபி டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கொளஞ்சி வூட்ல சோறும் அவுங்களே போட்டாங்களா?"

"ஆமா அத்த."

"சோறும் அவுங்களே."

"ஆமா அத்த."

திலகவதிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "இந்த வூட்டு மருமவ பக்கத்து வூட்டுப் படியில ஒக்காந்து சாப்புடறா. நான் ஊர்ப்பட்ட சனத்துக்கு வடலூர்ல போயி காய் நறுக்கிக் குடுக்குறேன். எங்க வூட்டுப் புள்ள கொளஞ்சிகிட்ட தட்டு ஏந்துது. இது நல்லாவா இருக்குது?"

கனிமொழி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இனிமே போவல அத்த," என்றாள்.

"போவாதன்னு நான் சொல்லலியே. தோட்டத்துல ஒரு அடுப்பு வெச்சுக்க. அதுக்குன்னு சட்டி, கரண்டி எல்லாம் தனியா இருக்கட்டும். உள்ள வர வேணாம். தோட்டத்துல ஆக்கு, தோட்டத்துல சாப்புடு."

கனிமொழி காபியைக் குடிக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரமே சிலம்பரசன் உற்சாகமாக மூன்று செங்கல்லை வைத்து விறகு அடுப்பு போட்டுக் கொடுத்தான். அவன் மீன் சாப்பிட மாட்டான், ஆனால் மனைவிக்காக எதையும் செய்வான். முதல் மீன் சட்டியில் வெந்துகொண்டிருந்தபோது காற்று திசை மாறியது. பாதிப் புகை பூஜை அறைக்குள் போனது. மீதி மதிலைத் தாண்டிப் போய்க் கொளஞ்சியின் துணிக்கொடியைச் சுற்றிக்கொண்டது.

"யக்கா!" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "எம் பெட்ஷீட்டெல்லாம் மீனு நாத்தம் அடிக்குது!"

நந்தியாவட்டையில் இரண்டு கிளை வாடிப் போயிருந்தது. திலகவதி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "விறகு வேணாம்," என்றாள்.

சிலம்பரசன் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான். கரி போட்டு எரிக்கிற பார்பிக்யூ அடுப்பு, கரண்டில் ஓடுவது, கேஸில் ஓடுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். கரி என்றால் புகை வரும். கரண்ட் என்றால் குழாயடியில் ஒயர் இழுக்க வேண்டும், ஈரத்தில் அது ஆபத்து. கேஸில் ஓடுவதுதான் சரி என்று மூன்று பேருக்கும் தோன்றியது.

"இதோ, இதுல பொக ஜாஸ்தி வராது. சின்ன தோட்டத்துக்குன்னே செஞ்சதாம். ஆர்டர் போட்டுடவா?"

"போட்டோவப் பாத்து அடுப்பு வாங்குவாங்களாடா?" என்றாள் திலகவதி. "தொட்டுப் பாக்காம எதையும் வாங்கக் கூடாது. கடலூர்ல கடை இல்ல?"

மஞ்சக்குப்பத்தில் வீட்டுச் சாமான் விற்கிற பெரிய கடை ஒன்றில் கேஸ் பார்பிக்யூ வைத்திருப்பதாகத் தெரிந்தது. சிலம்பரசனுக்கு அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை முகாம். "நாங்க ரெண்டு பேரும் போறோம்," என்றாள் திலகவதி. போவதற்கு முன்னால் தோட்டத்தை அளக்க வேண்டும் என்று வெயிலுக்குப் பிடிக்கிற தன் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு வந்தாள். அளவு நாடா எங்கோ போய்விட்டது, தேடப் பொறுமை இல்லை. குழாய்க்கும் மதிலுக்கும் நடுவில் குடையை மடக்கிப் படுக்க வைத்தாள்.

"நீளம் ஒண்ணேகால் கொடை. அகலம் முக்கா கொடை. ஞாபகம் வெச்சுக்க. ஒண்ணேகால், முக்கா."

"ஒண்ணேகால், முக்கா," என்று கனிமொழி சிரிக்காமல் சொன்னாள்.

திங்கட்கிழமை கடையில் லீவு சொல்லிவிட்டு அவள் மாமியாரோடு பஸ் ஏறினாள். பி.முட்லூர் தாண்டும்வரை திலகவதி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கனிமொழிக்கு மனசில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டுவிட்டாள்.

"அத்த, ஒங்களுக்கு இது கஷ்டமா இல்லியா?"

திலகவதி குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"கஷ்டமாத்தான் இருக்குது. இல்லைன்னு சொன்னா பொய்யி. அந்தப் பொட்டிய அன்னைக்கிப் பாத்ததும் நெஞ்சு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா நீ கொளஞ்சி வூட்ல குனிஞ்சுகினு சாப்புட்டியே, அதப் பாத்தப்ப இன்னும் ஜாஸ்தி கஷ்டமா இருந்துச்சு. ரெண்டுல எது தாங்கும்னு பாத்தேன். இது தாங்கும்."

கனிமொழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புதுச்சத்திரம் வந்ததும் திலகவதியே வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிப் பாதியை அவள் கையில் கொட்டினாள்.

கடையில் அடுப்புப் பகுதியைக் கவனித்துக்கொண்டவர் பெயர் அரசு. நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாதவர்.

"வாங்கம்மா, வாங்க. சிக்கனுக்கா, மட்டனுக்கா?"

"மீனுக்கு," என்றாள் திலகவதி.

"சூப்பரும்மா. மீனுன்னா அம்மாவுக்கு ரொம்ப இஷ்டமோ?"

"நான் சைவம்."

அரசுவின் வாய் ஒரு கணம் ஓய்ந்தது. "அப்பன்னா பன்னீர் போடலாம்மா, காளான் போடலாம்..."

"பன்னீரும் வேணாம், காளானும் வேணாம். நான் சாப்புட மாட்டேன். மீனுக்குத்தான் கேக்குறேன். ஒவ்வொண்ணா காட்டுங்க."

முதலில் அவர் காட்டியது நாலு பர்னர், சக்கரம் வைத்தது, இரண்டு பக்கமும் பலகை. பளபளவென்று ஒரு குட்டித் தேர் மாதிரி நின்றது. திலகவதி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இத எங்க தோட்டத்துல வெச்சா நாங்க தெருவுலதான் நிக்கணும்," என்றாள். அடுத்தது மேசை மேல் வைக்கிற ஒற்றை பர்னர், சூட்கேஸ் அளவு. மூன்றாவது இரண்டு பர்னர், பக்கப் பலகைகள் மடங்கும், கால்களும் மடங்கும்.

திலகவதி குடையை நீட்டி அளந்தாள். மூடியைத் திறந்து பார்த்தாள். பின்னால் சாய்ந்த மூடி அடுப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தியா கனி? மூடிய தொறந்தா மதில்ல இடிக்கும். போட்டோவுல இது தெரியுமா?"

"கொஞ்சம் முன்னால இழுத்துப் போட்டுக்கலாம்மா," என்றார் அரசு.

"முன்னால இழுத்தா இவ எங்க நிப்பா? துவைக்கிற கல்லு மேலயா?"

கேஸ் எங்கிருந்து வரும் என்று கேட்டாள். ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் போதும், வீட்டு சிலிண்டரைத் தொட வேண்டாம் என்றார் அரசு. டியூப் எங்கே மாட்டுவது, கசிந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டாள். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழ் வரும் என்றார். தீ ஜாஸ்தியானால் முதலில் எதை மூட வேண்டும் என்று கேட்டாள். சிலிண்டரை என்றார். "மொதல்ல சிலிண்டர்," என்று திருப்பிச் சொன்னாள். பிறகு பற்ற வைக்கிற பொத்தானை அமுக்கினாள். டக்கென்று ஒரு பொறி பறந்தது. திலகவதிக்கு அது பிடித்துப்போய்விட்டது. இன்னொரு முறை அமுக்கினாள். டக். இன்னும் ஒரு முறை.

"செரிம்மா, என்னா சைஸ் மீனு போடுவீங்க?" என்று அரசு கேட்டார். "அதப் பொறுத்துதான் சொல்ல முடியும்."

மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கனிமொழிக்குத் தெரிந்த மீன் நெத்திலியில் தொடங்கி ஆள் உயரத்தில் முடியும்.

"அது... அப்பா என்னா அனுப்புறாரோ அதப் பொறுத்து."

"அப்ப அவரையே கேட்டுட்டு வந்துடுவோம்," என்றாள் திலகவதி. "தாழங்குடா இங்கேந்து கிட்டத்தானே?"

கனிமொழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணத்துக்குப் பிறகு திலகவதி ஒரு நாளும் அங்கே வந்ததில்லை. எத்தனையோ தடவை கூப்பிட்டும், "நான் வந்தா அவுங்களுக்குத்தாம்மா சங்கடம்," என்று சொல்லிவிடுவாள். கனிமொழி ஓரமாகப் போய் அம்மாவுக்குப் போன் போட்டாள். மார்க்கெட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்த முத்தம்மாள் அலறினாள்.

"இப்பவா? அடியே, அடுப்புல எறா கொதிக்குதுடி! நேத்தே சொல்லக் கூடாதா?"

ஷேர் ஆட்டோவில் அவர்கள் போய் இறங்கியபோது வாசல் முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கழுவியிருந்தது. உள்ளே சாம்பிராணிப் புகை கண்ணை மறைத்தது. இறால் எங்கே போனதென்றே தெரியவில்லை. முத்தம்மாள் கடைக்கு ஆள் அனுப்பிப் புதுப் பாத்திரம் வாங்கி, அதில் ரசம் வைத்து, அப்பளம் பொரித்து, தயிர் எடுத்து வைத்திருந்தாள். ரசப் பாத்திரத்தில் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியபடியே இருந்தது. திலகவதி அதைப் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். முத்தம்மாளின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

சாப்பாடு முடிந்ததும் விஷயத்துக்கு வந்தாள் திலகவதி.

"சம்பந்தி, ஒரு மீனு எவ்ளோ நீளம் இருக்கும்?"

சின்னையன் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமான கேள்வியைக் கேட்டதில்லை. எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்தார். "இம்மாம் இருக்கும் சம்பந்தியம்மா. போன வருசம் ஒரு வஞ்சிரம் மாட்டுச்சு பாருங்க, அது இன்னும்..." கைகள் மேலும் விரிந்தன. திலகவதி குடையை எடுத்து அளக்கப் போனாள். குடை எட்டவில்லை.

"அம்மாம் பெருசெல்லாம் ஏலத்துக்குப் பூடும்," என்று முத்தம்மாள் வெட்டினாள். "வூட்டுக்கு வர்றது சங்கரா, கெளங்கான், எப்பனா ஒரு பாறை. நான் சொல்றத அளங்க." அவள் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை காட்டினாள். "இதுக்கு மேல போவாது. கொடுவா வந்தா துண்டு போட்டுக்க வேண்டியதுதான்."

சின்னையன் கைகளை இறக்கிக்கொண்டார். திலகவதி முத்தம்மாளின் முழங்கையிலிருந்து குடையை வைத்து அளந்தாள். முத்தம்மாளுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. கை கூசி அவள் சிரிக்க ஆரம்பித்ததும், திலகவதியும் சிரித்துவிட்டாள். தன் அம்மாவும் மாமியாரும் சேர்ந்து சிரிப்பதைக் கனிமொழி அன்றுதான் பார்த்தாள்.

மறுபடியும் கடைக்கு வந்தபோது அரசு டீ குடித்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

கனிமொழி நேராகப் போய் ஒற்றை பர்னர் மேல் கை வைத்தாள். "இது போதும் அத்த. எடமும் அடைக்காது."

திலகவதி அவளைக் கூர்ந்து பார்த்தாள். "ஒனக்குப் புடிச்சது இதுவா?"

"சாப்புடப் போறது நான் ஒருத்திதான் அத்த. இது போதும்."

"போதுமான்னு நான் கேக்கல. புடிச்சது எதுன்னு கேக்குறேன்."

கனிமொழி தலையைக் குனிந்துகொண்டாள். காலையிலிருந்தே அவள் கண் அந்த இரண்டு பர்னர் அடுப்பின் மேல்தான் இருந்தது. ஆனால் இந்த வீட்டில் அவளுக்குக் கிடைப்பதே பெரிய சலுகை, அதில் சின்னதாக ஒன்றை எடுத்துக்கொள்வதுதான் மரியாதை என்று நினைத்திருந்தாள்.

"ஒங்க அம்மா அப்பா வந்தா என்னா பண்ணுவ?" என்று திலகவதி கேட்டாள். "இதுல ஒரு மீனு வேவறதுக்குள்ள மத்தவங்க இலையப் பாத்துகினு ஒக்காந்திருக்கணுமா?"

அவர்கள் வருவார்கள் என்று கனிமொழி நினைத்துப் பார்த்ததே இல்லை. "அந்த ரெண்டு பர்னரு, அத்த," என்றாள்.

"ஆனா மூடி மதில்ல இடிக்கும்னு சொன்னீங்களேம்மா?" என்று அரசு நினைவுபடுத்தினார்.

திலகவதி யோசித்தாள். பிறகு அடுப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பினாள். "மூலையில கோணலா வெச்சா? பின்னால முக்கோணமா எடம் கெடைக்கும் இல்ல? மூடி அதுல சாயட்டும்."

அரசு கடையின் ஒரு மூலைக்கு அடுப்பை இழுத்துக்கொண்டு போய் வைத்துப் பார்த்தார். மூடி எதிலும் படாமல் திறந்தது. அவரே கை தட்டினார். பக்கத்தில் மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னையனும் முத்தம்மாளும் சிதம்பரத்துக்கு வந்தார்கள். ஒரு பெட்டி நிறையச் சங்கரா. தோட்டத்தின் மூலையில் அடுப்பு கோணலாக நின்றது. சிலம்பரசன் சோப்புத் தண்ணீர் தடவி ஒரு குமிழும் இல்லை என்று காட்டினான். பற்ற வைப்பது தன் வேலை என்று திலகவதி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். வந்து பொத்தானை அமுக்கினாள். டக். நீலமாகத் தீ வரிசை கட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துவிட்டு, மீன் பெட்டியைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

மீன் சுடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று சின்னையனுக்கு நினைப்பு. "நீ தள்ளும்மா," என்று மகளிடமிருந்து இடுக்கியை வாங்கிக்கொண்டார். கம்பி சூடாகும்வரை பொறுக்கவில்லை. மசாலாவில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றியிருந்தார். மீனை வைத்ததும் எண்ணெய் தீயில் சொட்டியது. குப்பென்று தீ மேலே எழுந்தது. மீன் கம்பியோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

"ஐயோ! யோவ், எடுய்யா!" என்று முத்தம்மாள் கத்தினாள். சிலம்பரசன் தண்ணீர்க் குவளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"தண்ணி ஊத்தாத!" சமையலறைப் படியிலிருந்து திலகவதியின் குரல் வந்தது. "மொதல்ல சிலிண்டர்! சிலிண்டர மூடு!" சொன்னதோடு நிற்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே படி இறங்கி வந்து, குனிந்து சிலிண்டரை மூடினாள். தீ அடங்கியது. அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், பாதி வெந்தும் பாதி கருகியும் ஒரு சங்கரா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. திலகவதி மெல்ல நிமிர்ந்தாள்.

"கடல்ல எல்லாம் கெட்டிக்காரர்தான் சம்பந்தி," என்றாள். "இத கனிகிட்ட குடுத்துடுங்க."

சின்னையன் மறுபேச்சுப் பேசாமல் இடுக்கியைக் கொடுத்தார். முத்தம்மாள் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கனிமொழி கம்பியைச் சுரண்டித் துடைத்தாள். மறுபடி பற்ற வைத்து, மூடியைப் போட்டுக் கம்பி நன்றாகச் சூடாகக் காத்திருந்தாள். எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகத் தடவினாள். மீனை வைத்துவிட்டுக் கை வைக்காமல் விட்டாள். திருப்பும் நேரம் வந்தபோது அது தானாகக் கம்பியை விட்டு எழுந்து வந்தது. தோல் முறுமுறுவென்று சிவந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே சூடு. தலையும் வெந்தது, வாலும் வெந்தது. மதிலுக்கு மேலே கொளஞ்சியின் தலை தெரிந்தது.

"பொகையே வரல போல இருக்கே கனி! வாசம் மட்டும் வருது!"

"தட்டு எடுத்துகினு வாங்க," என்றாள் கனிமொழி.

தரையில் பாயை விரித்து இலை போட்டார்கள். மீன் தோட்டத்திலிருந்து வந்தது, சோறும் ரசமும் கத்தரிக்காய் வறுவலும் சமையலறையிலிருந்து வந்தன. திலகவதிதான் பரிமாறினாள். ரசத்தை ஊற்றும்போது மீன் இருக்கிற பக்கம் பார்க்காமல் பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு இலையையும் விடவில்லை. கனிமொழியின் இலையில் இரண்டாம் தடவை சோறு வைத்தாள்.

"முள்ளு பாத்து சாப்புடு. அவசரப்படாத."

கனிமொழி அவசரப்படவில்லை. சூட்டோடு பிய்த்து வாயில் போட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டாள். அப்படியும் நிறுத்தவில்லை. தன் வீட்டில், தன் இடத்தில், கால் நீட்டி உட்கார்ந்து, விரலை ஒவ்வொன்றாக நக்கிச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த அடுப்பு வீட்டில் ஓர் ஆள் மாதிரி ஆகிவிட்டது. பூசத்தன்றும் அமாவாசை அன்றும் திலகவதி அதன் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிடுவாள், அன்றைக்கு அதற்கு லீவு. மற்றபடி வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ எரியும். கழுவுகிற வேலை முழுக்கக் கனிமொழியுடையது. கொளஞ்சி வீட்டுப் பூனை இப்போது பாதி நேரம் இங்கேதான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் கனிமொழி கடலூருக்குப் போகிறாள், சில ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர் இங்கே வருகிறது. முத்தம்மாள் வந்தால் மீனை மகளிடம் கொடுத்துவிட்டு நேரே சமையலறை வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அவளும் திலகவதியும் பேச ஆரம்பித்தால் பஸ்ஸுக்கு நேரமாவது இரண்டு பேருக்கும் தெரிவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். எல்லோரும் கிளம்பிப் போன பிறகு கனிமொழி குழாயடியில் உட்கார்ந்து கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திலகவதி செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். சிலம்பரசன் பின்வாசலில் வந்து நின்று, "ராத்திரிக்கி என்னா?" என்று கேட்டான்.

"தயிர்சோறு," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.